முன்பல் இடைவெளியைக் குறைந்த செலவில் மூடுவது எப்படி?

கேள்வி: பாடாங் செராய்க்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். வயது 26. கூலிமில் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சிறுவயது முதலே இடைவெளி உள்ளது. வரும் தை மாதம் எனக்குத் திருமணம். சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் அளந்து பார்த்து, இடைவெளி 2 மில்லிமீட்டர் என்றும், பற்களை நகர்த்திச் சேர்க்கும் கம்பியான பிரேசஸ் போட 5,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கே வந்து எல்லாப் பற்களுக்கும் வெனீர் (பல்லின் முன்பரப்பை மூடும் மெல்லிய ஓடு) ஒட்டித் தருவதாகவும் 400 ரிங்கிட் போதும் என்றும் சமூக ஊடகத்தில் ஒருவர் விளம்பரம் செய்கிறார். ரப்பர் வளையம் மாட்டினாலே பற்கள் சேர்ந்துவிடும் என்கிறாள் தோழி. நான் என்ன செய்யலாம்? என் அண்ணன் மகளுக்கு 8 வயது. அவளுக்கும் இதே இடைவெளி இருக்கிறது. அவளுக்கு இப்போதே வைத்தியம் தேவையா?

பதில்: சகோதரி, ஈறும் எலும்பும் நலமாக இருந்து, இடைவெளி பல ஆண்டுகளாகக் கூடாமல் குறையாமல் இருந்தால், உங்களுக்கு ஏற்ற வழி காம்போசிட் எனப்படும் பல் நிறப் பிசினை இரு பற்களின் உள் ஓரங்களிலும் சேர்த்து இடைவெளியை மூடுவதுதான். சொத்தைப் பல்லை அடைக்கப் பயன்படும் அதே பொருள்தான் இது. தனியார் கிளினிக்குகளில் ஒரு பல்லுக்குச் சில நூறு ரிங்கிட் ஆகும். உங்களுக்குச் செய்ய வேண்டியவை இரண்டே பற்கள். வேலை பெரும்பாலும் ஒரே வருகையில் முடிந்துவிடும்.

ஆனால் இடைவெளி ஏன் வந்தது என்று தெரியாமல் அதை மூடக் கூடாது. சிறுவயது முதல் இருப்பது பெரும்பாலும் தாடையின் அகலத்துக்குப் பற்கள் சிறியவையாக இருப்பதால் வருவது. சிலருக்குப் பக்கத்துப் பற்கள் முளைக்காமலோ குச்சிபோல் சிறுத்தோ இருக்கும். வேறு சிலருக்கு மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் தசைநார் தடித்து, முன்பற்களுக்கு நடுவே இறங்கியிருக்கும். கண்ணாடி முன் நின்று மேலுதட்டை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். அப்போது இரு பற்களுக்கும் இடையிலுள்ள ஈறு வெளுத்தால், அந்தத் தசைநாரைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். விழுங்கும்போது நாக்கு முன்பற்களைத் தள்ளும் பழக்கம் இருந்தால், பிரேசஸ் போட்டுச் சேர்த்த பற்கள்கூட மீண்டும் விலகும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அண்மையில் தோன்றிய அல்லது அகன்றுகொண்டே வரும் இடைவெளி. அது ஈறு நோயால் எலும்பு கரைவதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் பூச்சு வைப்பது நோயை மறைப்பதில்தான் முடியும். ஆகவே முதலில் அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கில் பரிசோதனை செய்து, கறையும் காரையும் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அங்கே கட்டணம் மிகக் குறைவு. இரத்தம் கசியும் ஈறை ஒட்டிக் காம்போசிட் சரியாகப் பிடிக்காது என்பதால், அழகுக்காகச் செய்யும் வேலைக்கும் இந்தச் சுத்தம் அவசியம்.

இனி காம்போசிட் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். தெரிந்திருந்தால், செய்பவர் பொறுமையாகச் செய்கிறாரா என்பதை நீங்களே கவனிக்க முடியும். நிறத்தை நீங்கள் நாற்காலியில் அமர்ந்தவுடனேயே தேர்ந்தெடுக்க வேண்டும். வாயைத் திறந்தபடி இருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். அந்த நேரத்தில் பார்த்து எடுத்த நிறம் மறுநாள் பொருந்தாது. பிறகு பல்லின் ஓரத்தில் பாஸ்பாரிக் அமிலக் களிம்பை அரை நிமிடம் போலத் தடவிக் கழுவி உலர்த்துவார்கள். பனி படிந்த கண்ணாடியைப் போல எனாமல் எனப்படும் பல்லின் கடினமான மேலுறை மங்கி வெளுத்தால் ஒட்டுதிரவம் நன்றாகப் பிடிக்கும். அதன்மேல் பிசினை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் இறுக்குவார்கள். பல்லைச் சீவவேண்டிய தேவை பெரும்பாலும் இராது. மரத்துப்போக ஊசியும் வேண்டாம். பிடிக்காவிட்டால் பின்னர் அகற்றிவிடலாம் என்பதே இந்த முறையை நான் முதலில் சொல்லக் காரணம்.

நுட்பம் அளவில்தான் இருக்கிறது. மேல் நடுப்பல்லின் அகலம் சராசரியாக எட்டரை மில்லிமீட்டர், உயரம் பத்தரை. உங்கள் இடைவெளியை மூட ஒவ்வொரு பல்லும் 1 மில்லிமீட்டர் அகலமாக வேண்டும். அப்போது பல் சற்றுச் சதுரமாகத் தெரியும். முன்பரப்பின் வளைவை உள்நோக்கித் திருப்பி, மெலிந்த தோற்றத்தை ஓரளவு வரவழைக்க முடியும். இதற்கு மேல் இடைவெளி இருந்தால் பற்கள் கண்ணை உறுத்தும். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிரேசஸ்தான் பொருத்தம். பிசினை ஈறின் விளிம்புக்குச் சற்று உள்ளிருந்தே தொடங்காவிட்டால், பற்கள் சேர்ந்த இடத்துக்கு மேலே சிறு கறுப்பு முக்கோணம் தெரியும். வேலை முடிந்ததும் பல் இடுக்கு நூலை விட்டு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நூல் சிக்கினாலோ பிரிந்து வந்தாலோ மெருகு போதவில்லை என்று பொருள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் இதைப் புதுப்பிக்க நேரலாம். மஞ்சள் சேர்ந்த குழம்பு, தே தாரிக், கோப்பி ஓ, வெற்றிலை ஆகியவை கறை படியச் செய்யும். முதல் இரண்டு நாட்களாவது இவற்றைத் தவிர்ப்பது நல்லது. முறுக்கையும் கோழி எலும்பையும் முன்பல்லால் கடித்தால் விளிம்பு பெயரும், என்றாலும் பெயர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். பற்களை வெளுக்கச் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் கழித்தே காம்போசிட் வைக்க வேண்டும்; பிசின் வெளுக்காது. திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே செய்துவிட்டால், திருத்தம் தேவைப்பட்டால் அவகாசம் இருக்கும்.

செலவை இன்னும் குறைக்க வேண்டுமானால், பீடோங், செமிலிங்கிலுள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவில் விசாரியுங்கள். இதுபோன்ற போதனைக் கிளினிக்குகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் கட்டணம் பொதுவாகக் குறைவாக இருக்கும். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பீங்கான் வெனீர் பத்து, பதினைந்து ஆண்டுகள் வரை நிற்கும். ஆனால் ஒரு பல்லுக்கே ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகலாம், பொதுவாக எனாமலில் அரை மில்லிமீட்டர் அளவு சீவவும் வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. 26 வயதில், நலமான பற்களில், இந்தச் சிறு இடைவெளிக்காக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரேசஸ் பல்லின் உருவை மாற்றாமல் இடைவெளியை மூடும் என்பது உண்மை. ஆனால் நடுப்பல் இடைவெளி மீண்டும் திறக்கும் இயல்புடையது என்பதால், பின்புறம் ஒட்டிய மெல்லிய கம்பியைப் பல ஆண்டுகள் விட்டுவைக்க நேரும். திருமணத்துக்குள் முடியும் வேலையும் அல்ல.

வீட்டுக்கு வந்து வெனீர் ஒட்டுபவரைத் தயவுசெய்து நாடாதீர்கள். பல் மருத்துவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, அந்தந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழை வைத்திருக்க வேண்டும். பெயரை மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பதிவில்லாமல் தனியார் பல் கிளினிக் நடத்துபவருக்கு 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 400 ரிங்கிட்டுக்கு ஒட்டப்படும் அந்தப் பூச்சு பற்களையெல்லாம் ஒரே கட்டியாகப் பிணைத்து, ஈறின்மேல் வழிந்து, தூரிகையும் நூலும் நுழையாதபடி அடைத்துவிடக் கூடும். அதற்குள் அழுகும் உணவு ஈறை வீங்கச் செய்யும். அதைக் கழற்றிச் சரிசெய்ய ஆகும் செலவு, நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த தொகையைப்போல் பலமடங்காகும்.

ரப்பர் வளையம் அதைவிட ஆபத்தானது. பல்லின் வேர் மேலே போகப்போகக் குறுகுவதால், வளையம் நழுவி ஈறுக்குள் ஏறிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் அது அரித்து, நலமாக இருந்த இரு முன்பற்களையும் ஆட்டம் காணவைத்து, விழச் செய்யவும் கூடும். ஏற்கெனவே மாட்டிப் பார்த்து வளையம் காணாமல் போயிருந்தால், விழுந்துவிட்டது என்று எண்ணாமல் அன்றே பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அண்ணன் மகளுக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டாம். நிலையான முன்பற்கள் முளைக்கும் வயதில் நடுவே இடைவெளி இருப்பது இயல்பு. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது பலருக்கு அது தானாகவே மூடிக்கொள்ளும். அதன் பிறகும் மூடாவிட்டாலோ, பக்கத்துப் பற்கள் உரிய காலத்தில் முளைக்காவிட்டாலோ, பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவிடம் காட்டி, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.