எல்லைக்கு ஒரு காவல்: சூப்பர் ஹீரோக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சூப்பர் ஹீரோ படங்களையும் தொடர்களையும் பற்றி வாசகர்களின் கருத்தைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். கும்பகோணம் முதல் வேதாரண்யம் வரையிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றுள் கேள்வியாக அமைந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பள்ளி நாள்களில் மார்வெல் படம் வெளியானால் முதல் நாளே அண்ணனோடு திரையரங்குக்குப் போய்விடுவேன். இப்போது புதிய படம் வந்தால் விடுதியில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. இந்தப் படங்களே அலுத்துவிட்டனவா, அல்லது எங்களுக்கு வயதாகிவிட்டதா?

பதில்: வயதின் மேல் பழியைப் போட வேண்டாம். 2008இல் வெளியான ‘அயர்ன் மேன்’ தொடங்கி 2019இன் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வரை, 11 ஆண்டுகளில் 22 படங்கள் வந்தன. ஆண்டுக்கு இரண்டு என்பது திருவிழாவுக்குக் காத்திருப்பது போன்ற கணக்கு. 2021இல் மட்டும் நான்கு திரைப்படங்களும் ஐந்து தொடர்களும் வந்து குவிந்தன. 2023இல் வெளியான ‘தி மார்வெல்ஸ்’ படத்தின் மூன்று நாயகியரில் இருவரின் முன்கதை ‘வாண்டாவிஷன்’, ‘மிஸ் மார்வெல்’ என்ற இரண்டு தொடர்களில் இருந்தது. அவற்றைப் பார்க்காமல் போனவர்கள், நடுவில் நுழைந்த கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் விழிப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மார்வெல் பட வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்த படமாக அது ஆனது.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர்களின் கோடியில், வயலும் மேடும் சந்திக்கும் இடத்தில், மண்குதிரைகளுக்கு நடுவே ஐயனார் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காவலுக்கு ஓர் எல்லை உண்டு. அடுத்த ஊருக்கு அடுத்த ஊர்ச் சாமி. அந்த எல்லைக்குள் எந்த வீட்டில் யாருக்கு என்ன குறை என்பது அவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் அவரைக் காவல் தெய்வமாக்குகிறது. இந்தப் படங்களோ ஒரு நகரத்தைக் காப்பதில் தொடங்கி, உலகத்தைக் காப்பதற்கு வளர்ந்து, பிரபஞ்சத்துக்கும் பிறகு பல பிரபஞ்சங்களுக்கும் பரவி, எல்லையையே இழந்துவிட்டன. 2018இன் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் ஒரு விரல் சொடுக்கில் உயிர்களில் பாதி மறைகிறது. அப்போது திரையரங்கில் விசும்பல் கேட்டது அந்தப் பாதிக்காக அல்ல. ‘எனக்குப் போக விருப்பமில்லை’ என்று அயர்ன் மேனாகிய டோனி ஸ்டார்க்கைக் கட்டிக்கொண்டு புழுதியாகக் கரைந்த, ஸ்பைடர்மேனாகிய பீட்டர் என்ற ஒரே பிள்ளைக்காக. இறந்தவர் இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து வேறு வடிவில் வந்துவிடுவார் என்ற வழக்கம் ஏற்பட்ட பிறகு யாருக்காக அழுவது? உங்கள் விடுதித் தோழியர் எழுந்திருக்காததற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் துணிபு.

மன்னார்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: என் பேரன் ஸ்பைடர்மேனைக் கொண்டாடுகிறான். எங்கள் தலைமுறைக்கு இரும்புக்கை மாயாவி இருந்தார் என்றால் சிரிக்கிறான். அவரையும் சூப்பர் ஹீரோக்களின் வரிசையில் வைக்கலாம் அல்லவா?

பதில்: தாராளமாக வைக்கலாம், ஐயா. பேரனிடம் ஒரு செய்தியையும் சொல்லுங்கள்: பிரிட்டனில் அந்தச் சித்திரத் தொடர் தொடங்கியதும், அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை முதன்முதலாக உலவவிட்டதும் ஒரே ஆண்டு, 1962. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 1972இல் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மூலத்தில் அவர் பெயர் லூயி கிராண்டல். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் உடலில் பாய்ந்தால் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். அந்தரத்தில் ஒரு கை மட்டும் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கும் கட்டத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மயிலாடுதுறையில் ஒரு பழைய புத்தகக் கடையின் வாசலில், மேலட்டை கிழிந்த ஓர் இதழை நின்றபடியே படித்து முடித்த பகல் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அவரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய குறைகள்தான். மறைந்த உடல் சிறிது நேரத்தில் மீண்டும் தெரியத் தொடங்கும். அடுத்த முறை மறைய வேண்டுமானால் மீண்டும் மின்சாரத்தைத் தேட வேண்டும். கதையின் தொடக்கத்தில் அவர் நல்லவரும் அல்லர். கிடைத்த ஆற்றலைக் கொண்டு குற்றம் செய்தவர், பிறகே நல்வழிக்கு வந்தார். இவ்வளவு சிக்கலான மனிதரை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் பிள்ளைகள் புரிந்துகொண்டு ஏற்றார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ‘மாயாவி’ என்று பெயர் வைத்தவர்களின் தமிழ்க் காதையும் பாராட்ட வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு தாயார்: கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது. என் மகன் பார்க்கும் படங்களில் வரிசையாகக் கட்டடங்கள் இடியும்போது அவன் கைதட்டுகிறான்; எனக்கோ மறுநாள் காலையில் இவற்றையெல்லாம் யார் அப்புறப்படுத்துவார்கள் என்ற எண்ணம்தான் வருகிறது. நான் படம் பார்க்கத் தெரியாதவளா?

பதில்: வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையது, அம்மா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்த சில வாரங்களுக்குப் பிறகு உங்கள் பகுதிக்கு வந்திருந்தேன். காற்று ஓய்ந்து எத்தனையோ நாளாகியும், சாய்ந்த தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றைத் துண்டுபோட வேண்டும், வேர்முண்டைத் தோண்ட இயந்திரம் வர வேண்டும், வெட்டியதைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் வேண்டும், அதற்குப் பிறகுதான் கன்று வைக்க முடியும், வைத்த கன்று காய்ப்பதற்கோ ஆண்டுகள் ஆகும் என்று ஒரு பெரியவர் எனக்கு வரிசையாகச் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து, நகரம் இடிந்து முடிந்ததும் நாயகர்கள் கூடிப் புன்னகைக்கும் முடிவுக் காட்சிகளை என்னாலும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கேள்வியை எதிர்கொண்ட படங்களும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 2017இன் ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ தொடங்குவதே இடிபாடுகளில்தான். முந்தைய ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் நடந்த நியூயார்க் போருக்குப் பிறகு குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை நம்பி, வண்டிகள் வாங்கி, ஆட்களைச் சேர்த்த அட்ரியன் டூம்ஸ் என்பவரிடமிருந்து அந்த வேலை ஒரே நாளில் பறிக்கப்படுகிறது. அவரே பிறகு கழுகு இறக்கை கட்டிய வில்லனாகிறார். 2016இன் ‘சிவில் வார்’ படத்தில், சொகோவியா என்ற கற்பனை நாட்டில் நடந்த சண்டையில் மகனை இழந்த ஒரு தாய், நடைக்கூடத்தில் டோனி ஸ்டார்க்கை நிறுத்தி மகனின் படத்தைக் கையில் கொடுக்கிறார். அங்கே இடியோசை இல்லை, பறத்தல் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் சண்டைகளெல்லாம் அந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. இந்த இரண்டையும் மகனோடு சேர்ந்து பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்வியை அவனும் கேட்கக்கூடும்.

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர்: தமிழில் முகமூடி நாயகர்கள் ஏன் நிலைப்பதில்லை? நம் மக்களுக்கு முகமூடி பிடிக்காதா?

பதில்: பிடிக்காது என்று பாபநாசத்துக்காரர் சொல்லலாமா? பக்கத்திலேயே மெலட்டூர் இருக்கிறது. நரசிம்ம ஜயந்தியையொட்டி நடைபெறும் பாகவத மேளாவில் பிரகலாதன் கதை விடிய விடிய நடக்கும். அதில் நரசிம்மர் அணியும் முகமூடி வெறும் ஒப்பனைப் பொருளன்று. கோயிலில் வைத்து வழிபடப்படுவது. அணிபவர் விரதமிருந்து அணிகிறார். அது முகத்தில் ஏறிய பிறகு கூட்டம் அந்த நடிகரைப் பார்ப்பதில்லை.

நம் திரைப்படத்தின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. மக்கள் நட்சத்திரத்தின் முகத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தயாரிப்பவர்கள் நம்புகிறார்கள். அதனால் முகமூடி எப்போது கழலும் என்றே கதை காத்திருக்கிறது. கழல்வதில் தவறில்லை, கழல்வதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். 2004இன் ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தில் ஓடும் ரயிலை நிறுத்தும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முகமூடியைக் கழற்றிவிட்ட நிலையில், இருபுறக் கட்டடங்களிலும் நூலை வீசிப் பிடித்து, உடை தோளில் கிழிய, ரயிலைத் தண்டவாளத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டு அவன் மயங்கிச் சாய்கிறான். உள்ளிருந்து நீளும் கைகள் அவனைப் பிடிக்கின்றன. தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ப் பெட்டியின் தரையில் படுக்க வைக்கிறார்கள். இவன் சின்னப் பையன், என் மகன் வயதுகூட இருக்காது என்று ஒருவர் வியக்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றியவனின் ரகசியத்தைக் காக்கும் இந்தக் காட்சிக்கு ஈடாக, சூப்பர் ஹீரோ படங்களில் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. மூன்று ஸ்பைடர்மேன்களில் யார் சிறந்தவர் என்று பட்டுக்கோட்டையிலிருந்து கேட்ட தம்பிக்கும் இதுவே என் விடை: இந்தப் படத்தில் நடித்த டோபி மெக்வயர்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் இளம் பொறியாளர்: ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தை ரசிகர்கள் போராடி மாற்ற வைத்தார்கள். இது சரியான முன்மாதிரியா?

பதில்: மகளை இழந்த துயரத்தில் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் விலகியபோது, வேறோர் இயக்குநர் முடித்துக் கொடுத்த படம் 2017இல் வந்தது. ஸ்னைடரின் வடிவம் வேண்டும் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2021இல் ஏறத்தாழ நான்கு மணி நேரப் படமாக அது வெளியானது. கேட்டவர்களில் பலர் தற்கொலைத் தடுப்புப் பணிக்காக நிதியும் திரட்டினார்கள் என்பதை மறக்கக் கூடாது. மாற்றுக் கருத்துச் சொன்னவர்களை வசைபாடியவர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு படைப்பாளி தொடங்கியதை அவரே முடிக்கட்டும் என்று கேட்பது நியாயம். எனக்குப் பிடித்தபடி முடிவை மாற்று என்று கேட்பது நியாயமாகாது. இந்த விஷயத்தில் ரசிகர்கள் கேட்டது முதல் வகை என்பதால் நான் அவர்கள் பக்கம்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகி: மல்டிவெர்ஸ் என்ற பல பிரபஞ்சக் கதை எதுவும் வேண்டாம். முன்கதை தெரியாமலே பார்க்கக்கூடிய தொடரோ படமோ சொல்ல முடியுமா?

பதில்: தொடரில் ‘டேர்டெவில்’, 2015இல் வந்த முதல் பருவம், 13 பகுதிகள். நாயகன் பார்வையற்ற வழக்கறிஞர்; அவன் காப்பது நியூயார்க்கின் ஒரே ஒரு பேட்டையை. இரண்டாம் பகுதியின் இறுதியில் கடத்தப்பட்ட ஒரு சிறுவனைத் தேடிக் குறுகலான நடைவழியில் நுழைகிறான். ஏற்கெனவே காயம்பட்டவன். ஒருவனை அடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், விழுந்தவன் எழுகிறான், இவனும் தள்ளாடி மறுபடி அடிக்கிறான். கடைசியில் சிறுவனைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி நடக்கிறான். வன்முறை மிகுந்த தொடர் என்பதால் பிள்ளைகள் உறங்கிய பிறகு பாருங்கள்.

படத்தில் ‘மின்னல் முரளி’, 2021இல் வந்த மலையாளப் படம், தமிழிலும் கிடைக்கிறது. ஒரே இரவில் ஒரே ஊரில் இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையற்காரன், மற்றவன் ஊரார் ஒதுக்கிவைத்த ஷிபு. கூத்துப்பட்டறையில் பயின்ற நம் குரு சோமசுந்தரம்தான் ஷிபு. வாழ்நாளெல்லாம் காத்திருந்த பெண் அவனை ஏற்றுக்கொள்ளும்போது, சிரிப்பும் அழுகையும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகு, அவனை வில்லன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழில் 2023இன் ‘மாவீரன்’ இருக்கிறது. விரிசல் விடும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புதான் அங்கே நாயகனின் உலகம். அவனோ பயந்த சுபாவமுள்ள சித்திரக்காரன். இவை எல்லாவற்றிலும் எல்லை சிறியது.

சீர்காழியிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவன்: நான் ஒரு சூப்பர் ஹீரோவை வரைந்திருக்கிறேன். பறப்பான், நெருப்பு விடுவான், மறைவான், அடிபடவே மாட்டான். இன்னும் என்ன சக்தி கொடுக்கலாம்?

பதில்: தம்பி, சக்தி போதும். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவன் எந்த ஊர்க்காரன் என்று நீ எழுதவில்லை. உன் ஊர்க்காரனாகவே இருக்கட்டும். காலையில் எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்குப் போவான், வாய்க்காலில் தண்ணீர் வராத ஆண்டில் அவன் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள், அவன் பறப்பது அவன் அம்மாவுக்குத் தெரியுமா என்று யோசித்துப் பார். பிறகு, நீ கொடுத்த நான்கு சக்திகளில் எதை எடுத்துவிட்டால் அவனுக்கு மிகவும் கஷ்டமாக இருக்குமோ அதை அழித்துவிட்டு மறுபடி வரைந்து அனுப்பு. வண்ணப் பென்சிலிலேயே வரையலாம். தாளை மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பச் சொல்.