மகனுக்குச் சிலம்பம் பழக எத்தனை அடிக் கம்பு வாங்குவது?

உங்கள் மகன் நாலரை அடி உயரம், கல்முனையில் கடைக்காரர் 6 அடிக் கம்பைக் காட்டுகிறார் என்கிறீர்கள். வேண்டாம். நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றும்போது கீழ்நுனி நிலத்தில் இடிக்கும், பிள்ளை அதைத் தவிர்க்கத் தோளைத் தூக்கித் தூக்கியே பழகிவிடுவான், அப்புறம் அதைத் திருத்துவது பெரும்பாடு. வெறுங்காலோடு நிற்கவைத்துக் கம்பைப் பக்கத்தில் நிறுத்துங்கள், புருவத்துக்கும் நெற்றிக்கும் இடையில் வந்தால் சரி. வளரும் பிள்ளைதானே என்று நினைத்தால் உச்சந்தலை வரை போகலாம், அதற்கு மேல் கூடாது. கராத்தேக்காரர்களின் போ கம்புதான் வழமையாக 182 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 6 அடி. சிலம்பத்துக்கு ஆளின் உயரம்தான் அளவு. பிடித்தால் பெருவிரல் மற்ற விரல்களைத் தொடவேண்டும். தொடாத தடித்த கம்பு, நீளம் சரியென்றாலும், சின்னக் கைக்குப் பாரம். வாங்குமுன் சிலம்பம் பழக்கும் அண்ணாவியாரிடம் ஒருதடவை காட்டுங்கள்.