இ.சி.ஜி. நார்மல்தான், சிவப்பு ஊசியின் கணக்கு என்ன?

கேள்வி: எனக்கு வயது 31. ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, சென்னையில் இரண்டரை வருடம் சிகிச்சை எடுத்துக் குணமானேன். சிவப்பாக ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள், அப்புறம் சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்பது மட்டும் நினைவிருக்கிறது. தலைக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்ததாக அம்மா சொல்கிறார். போன வருடம் திருமணம் ஆனது. கணவருக்கு எல்லாம் தெரியும், மாமியார் வீட்டில் சொல்லவில்லை. ஆறு மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். நர்ஸாக இருக்கும் தோழி, "அந்த மருந்து பின்னாளில் இதயத்தைப் பாதிக்கும், குழந்தைக்கு முன்னால் பார்த்துக்கொள்" என்கிறாள். உண்மையா? ஜிம்முக்குப் போகலாமா?

பதில்: உங்கள் தோழி சொன்னது சரி. உங்களைப் பார்த்தவர்கள் இ.சி.ஜி.யோடு நிறுத்தியதுதான் குறை. இ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பதை அது காட்டாது. அதற்கு எக்கோ வேண்டும், அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன்.

அந்தச் சிவப்பு மருந்து பெரும்பாலும் டவுனோரூபிசின் அல்லது டாக்ஸோரூபிசினாக இருக்கும். இரண்டும் ஆந்த்ராசைக்ளின் என்ற ஒரே குடும்பம். இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி வழியே வந்தவை. சிவப்பு அவற்றின் சொந்த நிறம், சிறுநீரில் இறங்குவதும் அதே நிறம்தான். புற்றுச் செல் பெருகும்போது அதன் மரபணு இழையை முறுக்கவிழ்க்கும் ஒரு நொதி உண்டு. இந்த மருந்து அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நொதிக்கு ஒரு உடன்பிறப்பு இதயத் தசையிலும் இருக்கிறது, சிக்கல் அங்கேதான் வருகிறது. தோல் உரிந்தால் புதுத் தோல் வரும். இதயத் தசைச் செல் போனால், அந்த இடத்துக்குப் புதுச் செல் ஏறக்குறைய வராது.

ஏழு வயதில் கொஞ்சம் செல்கள் போயிருந்தாலும் அப்போது தெரிந்திருக்காது. மிச்சமிருப்பவை சின்ன உடம்புக்குப் போதும். உடம்பு வளர வளர அவையே முழு வேலையையும் பார்க்க வேண்டும். அதனால்தான் பத்து, இருபது வருடம் கழித்துக்கூட பாதிப்பு தலைகாட்டுகிறது. இது 1991லேயே மருத்துவ உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ரத்தப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் போட்டுக் குணமான குழந்தைகளை அமெரிக்காவில் எக்கோவில் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மாறுதல் இருந்தது. பெண்களுக்கும், மிகச் சிறு வயதில் மருந்து ஏறியவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல்.

இணையத்தில் தேடினால் "இதயச் செயலிழப்பு 15 மடங்கு" என்று ஒன்று கண்ணில் படும். குணமான பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர்களின் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டு 2006ல் வந்த எண் அது. எண் சரிதான். ஆனால் இளவயதில் உடன்பிறந்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு மிக மிக அபூர்வம். அபூர்வத்தை 15ஆல் பெருக்கினாலும், பெரும்பாலானோர் நன்றாகவே இருக்கிறார்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ஆபத்து எவ்வளவு என்பதை நான் ஊகிக்கக் கூடாது. பழைய ஃபைல்தான் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேளுங்கள், பீரோவில் மஞ்சள் பைக்குள் இருக்கும். இல்லையென்றால் சிகிச்சை எடுத்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் பழைய நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். அதில் 'எம்.சி.பி. 841' என்று எழுதியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். 1984 வாக்கில் தொடங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் மூன்று இடங்களிலும் பல ஆண்டுகள் ஓடிய மருந்துத் திட்டம் அது. மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது என்பதுதான் நமக்கு வேண்டிய எண். டாக்ஸோரூபிசின் கணக்கில், உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 250 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் அதிக ஆபத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு எக்கோ. 100க்கு மேல் 250க்குள் என்றால் நடுத்தரம், ஐந்து வருடத்துக்கு ஒன்று. 100க்குக் கீழே இருந்தால் வழக்கமான பரிசோதனைகூட அவசியமில்லை என்பது இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல். டவுனோரூபிசினை இந்தக் கணக்குக்கு மாற்றும்போது எண் குறையும், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

கரண்ட் வைத்தது தலைக்கு மட்டும் என்றால் இதயத்தில் நேரடியாகப் படவில்லை. முதுகெலும்புக்கோ நெஞ்சுக்கோ வைத்தார்களா என்பதையும் ஃபைலில் பாருங்கள், அது வேறு கணக்கு. தலைக்கு வைத்தவர்களுக்குப் பின்னாளில் எடை கூடுவதும் ஹார்மோன் குறைவதும் உண்டு. இதயத்துக்கு அது சுற்றுவழியில் வரும் தொல்லை.

ஃபைல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் எக்கோவை இந்த வாரமே எடுங்கள். 'கீமோ எடுத்தவள்' என்று முதலிலேயே சொல்லி, ஸ்ட்ரெயின் அளவையும், அதாவது இதயத் தசை எவ்வளவு சுருங்கி நீள்கிறது என்பதையும், பார்க்கச் சொல்லுங்கள். இதயம் ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற எண் இறங்குவதற்கு முன்பே, ஸ்ட்ரெயினில் மாற்றம் தெரியலாம். அடுத்த முறையும் முடிந்தவரை அதே இடத்தில் எடுங்கள், ஒப்பிட வசதி. கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். உங்கள் மூச்சிரைப்புக்கு இரும்புச்சத்து மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். ஆனால் அதை எக்கோ பார்த்த பிறகு சொல்வோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது, மயக்கம் வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தில் உடம்பின் ரத்தம் ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடும், அத்தனையையும் இதயம்தான் தள்ள வேண்டும். கருத்தரிக்கும் முன் இதயம் நன்றாக இயங்கியவர்களுக்குப் பெரிய தொல்லை வருவது அரிது. ஆகவே எக்கோ முதலில், குழந்தை பிறகு. ஒருவேளை தசை பலவீனம் தெரிந்தால் எனலாபிரில் போன்ற மாத்திரை தருவார்கள், அது கர்ப்பத்தில் கூடாது. முன்கூட்டியே பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாமியாரிடம் சொல்வது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாமியார் கூட வந்திருக்கிறார் என்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், எந்த டாக்டரும் தப்பாக நினைக்க மாட்டார்.

இன்னொன்று, ரத்த அழுத்தம். ஆந்த்ராசைக்ளின் ஏறிய இதயத்தோடு பி.பி.யும் சேர்ந்தால், இரண்டையும் கூட்டினால் வருவதைவிட ஆபத்து அதிகம். 31 வயதுதானே என்று விடாமல் வருடத்துக்கு ஒரு முறையாவது பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். நடந்துபோன சிகிச்சையை மாற்ற முடியாது, பி.பி.யை மாற்ற முடியும்.

ஜிம்? எக்கோ வரும்வரை மூச்சு வாங்காத அளவுக்கு நடங்கள். நன்றாக வந்தால் வேக நடை, சைக்கிள், நீச்சல் எல்லாமே இதயத்துக்கு நல்லது, தாராளமாகச் செய்யலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்குவதை மட்டும், ரிப்போர்ட்டைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் கேட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.