மருத்துவர் பதில்: மகன் பையில் கஞ்சாப் பொட்டலம்

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது. கோவையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது துவைக்கத் துணி எடுத்தேன். பையில் சின்னப் பொட்டலமும் சுருட்டும் தாளும் இருந்தன. கேட்டதும் கஞ்சா என்று ஒத்துக்கொண்டான். "செடிதானேம்மா, சரக்கை விட நல்லது" என்கிறான். அவன் அப்பா கையை நீட்டிவிட்டார். படிப்பை நிறுத்தி லாரி பட்டறையில் விடப் போகிறாராம். இல்லையென்றால் மறுவாழ்வு இல்லத்து ஆட்களை வரவழைத்துத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வாராம். இவரே சனி, ஞாயிறு குடிப்பவர். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மகனுக்கு பீர் ஊற்றிக் கொடுத்ததும் இவர்தான். கேட்டால், "பீர் எல்லா ஆம்பளைப் பையனும் குடிக்கிறதுதான், கஞ்சா குடும்ப மானத்தையே வாங்கிடும்" என்கிறார். இரண்டில் எது மோசம்? மகன் அடிமையாகிவிட்டானா? டெஸ்ட் கிட் வாங்கிச் சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: அம்மா, பட்டறைப் பேச்சையும் தூக்கிப் போகும் பேச்சையும் முதலில் ஒத்தி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். படிப்பை நிறுத்தினால் கஞ்சா நிற்காது. அவன் நாளை நிமிர்ந்து எழுவதற்குப் பிடிமானமாக இருக்கும் ஒன்றுதான் கையை விட்டுப் போகும்.

ஆட்களை வைத்துத் தூக்குவது பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். மகன் 18 வயது கடந்தவன். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலச் சிக்கல்களும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அப்பா, அம்மா ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பூட்டி வைக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. நிலைமை மிக மோசமாக இருந்து, சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தாலும் அதற்கு மருத்துவர்களின் மதிப்பீடு வேண்டும், முறை வேண்டும். நடுராத்திரியில் வேனில் ஏற்றப்பட்டுப் போய்த் திரும்பிய பிள்ளைகளை என் அறையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் பேசியது போதையைப் பற்றி அல்ல, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைப் பற்றி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது மோசம்? இந்தக் கேள்வியில்தான் உங்கள் வீட்டின் சிக்கலே இருக்கிறது. அப்பா பீருக்குச் சலுகை தருகிறார், மகன் கஞ்சாவுக்குத் தருகிறான். இருவரும் அடுத்தவர் போதையைக் காட்டித் தன்னுடையதை நியாயப்படுத்துகிறார்கள்.

பீர் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 180 மில்லி குவாட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம். ஒரு பாட்டில் பீர் குடித்தவன் குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கைக் குடித்துவிட்டான். இரண்டு பாட்டில் என்றால் குவாட்டரைத் தாண்டியாயிற்று. 'பீர்தானே' என்ற சொல் பல குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. போன வருஷம் உங்கள் மகனுக்கு 19.

'எல்லாப் பையனும் குடிக்கிறான்' என்பதும் சரியில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் மது அருந்துவோர் 27.3 சதவீதம். நூறு ஆண்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் குடிப்பதில்லை. இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே அளவோடு இருப்பான் என்ற நம்பிக்கையும் பல அப்பாக்களுக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளைப் பள்ளி வயதிலிருந்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் மது வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அளவு மீறிக் குடிப்பதும், குடியால் வரும் தொல்லைகளும் அவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கவில்லை. பையன் பெரியவனாகிவிட்டான் என்ற பெருமிதத்தில் செய்திருப்பார். ஆனால் மகனுக்குக் கேட்டது ஒன்றுதான்: போதை தப்பில்லை, எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பதுதான் விஷயம்.

இப்போது மகன் வாதத்துக்கு வருகிறேன். செடிதானே என்கிறான். ஊமத்தையும் செடிதான், அரளியும் செடிதான். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். மூளையில் நினைவு, ஊக்கம், பயம் ஆகியவற்றைக் கவனிக்கும் இடங்களில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. முன்யோசனைக்கான பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும். கட்டி முடியாத வீட்டில் குடியேறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் மிகவும் பயப்படுவது மனச்சிதைவைப் பற்றித்தான், அதாவது இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் ஸ்கிசோஃப்ரினியா நோய். ஸ்வீடனில் ராணுவத்தில் சேர்ந்த சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது மற்றவர்களைப் போல் ஆறு மடங்கு. அந்த ஆய்வு வந்தது 1987இல். இன்று கிடைக்கும் கஞ்சா பல இடங்களில் அன்றையதை விட வீரியமானது. புகைக்கும் எல்லோருக்கும் இது வராது, பெரும்பாலோருக்கு வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே எந்தப் பரிசோதனையும் காட்டாது. ஆனால் ரத்த சொந்தத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆபத்து அதிகம். உங்கள் வீட்டிலும் கணவர் வீட்டிலும் அப்படி யாரும் உண்டா? 'அந்த மாமா கொஞ்சம் ஒரு மாதிரி' என்று பேசாமல் மூடி வைத்திருப்போமே, அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இருந்தால் மகனிடம் மறைக்காதீர்கள்.

அப்படியானால் மதுவை விட கஞ்சாதான் மோசமா? ஈரலைக் கெடுப்பதில், விபத்தில், அளவு மீறினால் உயிரையே பறிப்பதில் மது முன்னால் நிற்கிறது. மூளை முதிராத வயதில் மனநோயைக் கிளப்பிவிடுவதில் கஞ்சாவைப் பார்த்து நான் அதிகம் பயப்படுகிறேன். இரண்டையும் ஒரே ராத்திரியில் சேர்த்துக்கொண்டு பைக் எடுப்பவனைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயப்படுகிறேன். மது உள்ளே இருக்கும்போது ரத்தத்தில் டிஎச்சி அளவும் ஏறுகிறது. தனித்தனியாகத் தாங்கியவன் சேர்த்து எடுக்கும்போது தடுமாறுவான். ஹாஸ்டல் பிள்ளைகளிடம் இந்தக் கலவை சாதாரணமாக இருக்கிறது. மகனிடம் இதை அவசியம் கேளுங்கள்.

அவன் அடிமையாகிவிட்டானா என்பதை ஒரு பொட்டலத்தை வைத்துச் சொல்ல முடியாது. கஞ்சா எடுப்பவர்களில் பத்தில் ஒருவர் அளவில் அடிமையாகிறார்கள். பதின்வயதில் ஆரம்பித்தவர்களில் ஆறில் ஒருவர். ஆகவே எப்போது ஆரம்பித்தான் என்பது முக்கியம். புகைக்காமல் தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா? அரியர்ஸ் விழுந்திருக்கிறதா? விளையாடிக்கொண்டிருந்தவன் விட்டுவிட்டானா? நிறுத்திப் பார்த்து முடியாமல் போனதா? இவற்றுக்கான பதில்தான் நோயின் ஆழத்தைக் காட்டும்.

டெஸ்ட் கிட் வேண்டாம் என்பேன். தினமும் புகைப்பவர் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் வரை சிறுநீரில் தடயம் இருக்கும், ஏனென்றால் அது கொழுப்பில் தங்கிவிடுகிறது. நிஜமாகவே விட்டுவிட்ட பையனை 'பொய் சொல்கிறாய்' என்று அந்தக் கிட் பிடித்துக் கொடுக்கும். அவன்தான் கேட்டவுடன் ஒத்துக்கொண்டானே அம்மா. மறைக்காமல் சொன்ன பிள்ளை அவன். அதற்குக் கிடைத்தது அடி. அடுத்த முறை சொல்வானா?

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குடியை நிறுத்தும் மாத்திரை என்று எதையாவது வாங்கி, மகனுக்கோ கணவருக்கோ தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சாவை நிறுத்த வைப்பதற்கென்று உறுதியான மருந்து இன்னும் இல்லை. மனம்விட்டுப் பேசவைக்கும் ஆலோசனைதான் முக்கிய சிகிச்சை. நிறுத்தியதும் ஓரிரு வாரங்களுக்கு எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். அந்த நாட்களில் வீட்டில் கத்தினால் அவன் திரும்பப் போய்விடுவான். மது அப்படியில்லை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது மருத்துவர் கண்பார்வையில்தான் நடக்க வேண்டும்.

மகனிடம் எப்படிப் பேசுவது? அப்பா முதலில் கை நீட்டியதற்கு வருத்தம் தெரிவிக்கட்டும். கௌரவம் குறைந்துவிடாது. அப்புறம் நீங்கள் சொல்லலாம்: "கண்ணு, கஞ்சாவும் வேண்டாம், பீரும் வேண்டாம். எங்க முடிவு இதுதான். போன வருஷம் அப்பா ஊத்திக் கொடுத்தது தப்பு, அவரே சொல்லுவார். ஆனா நீ எந்த நிலைமையில இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடு, திட்டாம வந்து கூட்டிட்டு வருவோம்." உறுதியும் திறந்த கதவும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்ன வயசு, விட்டுவிடலாம் என்று கண்டும் காணாமல் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் கல்லூரியில் அதிகமாகக் குடிக்கிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடித்து மிரட்டும் வீட்டிலோ பிள்ளைகள் மறைக்கப் பழகுகிறார்கள்.

போலீஸ் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம்தான். புகைத்ததற்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். நண்பனுக்காக ஒரு பொட்டலம் கைமாற்றினாலும் வழக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, இது மகன் காதில் விழ வேண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், புகைத்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. மருத்துவரிடம் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். உங்கள் மகன் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் கடமை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை இலவசம். போனிலேயே முதலில் பேச வேண்டும் என்றால் போதை மீட்புக்கான 14446 இருக்கிறது, மனநல ஆலோசனைக்கான 14416 இருக்கிறது. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று மகன் சொன்னாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தாலோ நாள் பார்க்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள்.

அவன் வர மறுத்தால் நீங்களும் கணவரும் மட்டும் முதலில் போய்ப் பாருங்கள். பெற்றோரோடு பேசியே பல குடும்பங்களில் பாதி வேலை தொடங்கிவிடுகிறது. போவதற்கு முன் ஃப்ரிட்ஜில் பாட்டில் ஏதும் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். மகன் அடுத்த லீவுக்கு வரும்போது அது அங்கே இருக்கக் கூடாது.