சம்பூர் அனல் மின்நிலையம்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

சம்பூர் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். திருகோணமலையில் வரவிருந்த அந்த நிலக்கரி அனல் மின்நிலையம் கடைசிவரை கட்டப்படவே இல்லையே, பிறகு ஏன் அதையே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டில் கிடந்தோம். அந்த 500 மெகாவோட் இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது. எதிர்த்தது பிழை என்று இப்போதாவது படுகிறதா?

ர., கொழும்பு

அன்புள்ள ர.,

இல்லை, படவில்லை.

முதலில் மின்வெட்டு. 2022இல் நம்மிடம் இல்லாமல் போனது டொலர். டீசலைவிட நிலக்கரி மலிவு என்பீர்கள், சரி, ஆனால் அதுவும் கப்பலில்தான் வரவேண்டும், அதற்கும் டொலர்தான் கட்டவேண்டும். நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் கட்டி வைத்திருந்தும், அந்த வருடக் கடைசியில் அதற்கே நிலக்கரி கிடைக்குமா என்று பதறிக்கொண்டிருந்தோமே.

“கட்டப்படவே இல்லையே” என்று எழுதியிருந்தீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2006 ஏப்ரலில் யுத்தத்தில் குண்டு விழ, சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைச் சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. அதே வருடம் டிசம்பரில், திருகோணமலையில் அனல் மின்நிலையம் என்று இந்திய அரச மின் நிறுவனமான என்.ரி.பி.சி.யோடு இலங்கை மின்சார சபை கையெழுத்திட்டது. அடுத்த மே மாதம் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானி வந்தது, மின்நிலையத்துக்கு இடமும் சம்பூர் என்றானது. அப்புறம் பக்கத்திலேயே தொழில் வலயத்துக்கென்று 818 ஏக்கர். ஒரு செங்கல்கூட வைக்காத திட்டத்துக்காகவும்தான் அந்தச் சனம் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வருடக்கணக்காக வெந்தது. நான் முகாமுக்குப் போனபோது அங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள்.

2015இல் அந்த 818 ஏக்கரை விட்டார்கள். அப்போது வயதான ஓர் அம்மாவோடு அவரது வளவுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் பற்றைதான், சுவர் இல்லை, வேலி இல்லை, எது யாருடைய காணி என்றே தெரியவில்லை. கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த அம்மா கிணற்றுக் கட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அங்கிருந்து காலடியால் எண்ணிக்கொண்டே நடந்தார். “இது குசினி. இது மாட்டுக்கொட்டில். இதில ஒரு பலா நின்டது தம்பி.” அவருக்கு முப்பது மாடு இருந்ததாம், தயிர் விற்றே மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். திரும்பி வந்தபோது ஒரு கன்றுகூட இல்லை.

2016 செப்டம்பரில், சுற்றாடல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான், கொட்டியாரக் குடாவில் வலை போடுகிற எத்தனையோ பேருக்கும் சந்தோஷம். மின்நிலையத்தின் சுடுதண்ணீர் கடலுக்கு வராது, சாம்பல் வயலுக்கு வராது. ஆனால் சனம் இழந்த பத்து வருடத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இப்போது அதே மின்சார சபையும் அதே என்.ரி.பி.சி.யும் சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின்சாரம் என்று 2025 ஏப்ரலில் தொடக்கவிழா வைத்திருக்கின்றன. வெயிலில் இருந்து மின்சாரம் எடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, நல்ல விஷயம். சம்பூர்ச் சனத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்தக் காணி யாருடையது என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டுச் செய்யட்டும். அதற்காகத்தான் இன்னும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணா