மொன்பெலியேவில் பேசும் பிரெஞ்சு புரியவில்லையா?

வணக்கம். பிரெஞ்சில் பி1 (இடைநிலை) வரை படித்தும், தெற்கு பிரான்ஸ் நகரமான மொன்பெலியேவில் காய்கறிக்காரர் பேசுவது பிடிபடவில்லை, தடுமாறினால் அவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் படிப்பில் குறையில்லை. பாட ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் வடக்கத்திய உச்சரிப்பில் இருக்கும். தெற்கே சொல்லின் கடைசி 'எ'யையும் ஒலிப்பார்கள். 'சிறிய' என்று பொருள்படும் 'பெதித்' இங்கே 'பெதித்த' ஆகும். மூக்கொலிக்குப் பின்னால் லேசாக ஒரு 'ங்' ஒட்டிக்கொள்ளும், அதனால் ரொட்டியைக் குறிக்கும் சொல் 'பெங்' என்று காதில் விழும். இது பழகிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

'இசி எரோ' (முன்பு பிரான்ஸ் ப்ளே எரோ) வானொலியில் உள்ளூர்க்காரர்கள் பேசுவதைத் தினமும் கேளுங்கள். அப்புறம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரே கடைக்குப் போங்கள். 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள், இங்கே அது ரொம்ப முக்கியம். கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறினால், பிரெஞ்சு படிக்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்று பிரெஞ்சிலேயே கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.