கறுப்பு வெள்ளைக்குத் தனி கேமரா வேண்டுமா?

சொல்லி வைத்தாற்போல இந்த முறை கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றியே ஐந்து கடிதங்கள். அதனால் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் அடுத்த தடவை.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், மதுரை. கையில் நான்கு வருடப் பழைய 24 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. ஊரின் பழைய தெருக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவைக்க ஆசை. கடைக்காரரோ, "கலர் கேமராவில் எடுப்பது அசல் கறுப்பு வெள்ளை இல்லை சார், அதற்கென்றே மோனோக்ரோம் கேமரா வந்துவிட்டது" என்கிறார். ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து வாங்கிவிடலாமா?

பதில்: அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் அந்தப் பாதி.

கேமராவின் சென்சாருக்கு, அதாவது படத்தைப் பதிக்கும் சில்லுக்கு, நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். நிறம் கிடைப்பதற்காக ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு பொடி ஃபில்டரை வைத்திருப்பார்கள். கோடக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் கேமரா அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. அந்த ஃபில்டரே இல்லாவிட்டால் வெளிச்சம் முழுசாக விழும், ஊகத்துக்கும் வேலையில்லை. படம் இன்னும் கூர்மையாக வரும், இருட்டில் எடுத்தாலும் மணல் தூவினாற்போல அவ்வளவாக ஆகாது. 2012-இல் லைக்கா 18 மெகாபிக்சலில் விட்ட எம் மோனோக்ரோம் இந்த வகை. 2023-இல் வந்த எம்11 மோனோக்ரோம் 60 மெகாபிக்சல். அமெரிக்காவிலேயே 9,000 டாலருக்கு மேல், லென்ஸ் தனி. அதே வருடம் பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் 2,200 டாலர் வாக்கில் வந்தது.

இனி அவர் சொல்லாத பாதி. உங்களிடம் இருக்கும் கேமராவிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவில்லை. படத்தை ரா கோப்பாக (சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பதிவு செய்யும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அரக்குச் சிவப்பில் பாட்டில் பச்சை பார்டர் வைத்த பட்டுப்புடவை வீட்டில் இல்லாமலா இருக்கும்? அதை ஜன்னல் பக்கமாக விரித்துப் போட்டு எடுங்கள். கணினியில் ஏற்றிச் சும்மா கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பார்டர் காணாமல் போய்விடும். அரக்கும் பாட்டில் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். நடுவில் ஜரிகை மட்டும் மினுங்கும். இப்போது சிவப்பின் அளவைக் கூட்டுங்கள். உடல் வெளுத்து, பார்டர் கறுப்பாகத் துலங்கும். குறைத்தால் நேர்மாறு, உடல் இருண்டு பார்டர் எழும். அந்தப் புடவையை உங்கள் வீட்டம்மா கட்டிக்கொண்டு நின்றால் இன்னொன்றும் பார்க்கலாம். நம் தோலில் சிவப்புதான் தூக்கல் என்பதால், சிவப்பைக் கூட்டக் கூட்ட முகம் பளிச்சென்று ஆகி, சுருக்கங்கள் மங்கும்.

கறுப்பு வெள்ளையின் வேலையே இதுதான்: எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று தீர்மானிப்பது. கலர் கேமராவில் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே தீர்மானிக்கலாம். மோனோக்ரோம் கேமராவில் எடுக்கும் நேரத்திலேயே லென்ஸில் கண்ணாடி ஃபில்டரைப் போட்டு முடிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்ற வழியில்லை. வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப் போன இடத்தை மீட்பதும் அதில் கஷ்டம். கலர் கேமராவில் ஒரு நிறம் நிரம்பி வழிந்தாலும் மற்ற இரண்டில் கொஞ்சம் விவரம் மிஞ்சியிருக்கும். அங்கே அந்த உதவி கிடையாது. பேரன் பிறந்தநாளுக்கு எடுக்க வேறொரு கேமரா தேட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கை அரித்தால், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதோடு நிறுத்திவிட்டுச் சித்திரை வீதியில் காலை ஆறரை மணி வெயிலுக்குப் போய் நில்லுங்கள்.

கேள்வி: கேமரா வாங்கிய கடையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று ஃபில்டர் கொண்ட செட்டையும் வாங்கச் சொல்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் வானம் கறுத்து மேகம் எழும்பி நிற்குமாம். (கோயம்புத்தூர்)

பதில்: ஃபிலிம் போட்டு எடுத்த காலத்தில் அது சரியான பேச்சு. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை. மேலே சொன்ன நான்கு புள்ளிக் கணக்கைப் பாருங்கள்: கலர் சென்சாருக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியை வைத்தால் பச்சை, நீலப் புள்ளிகள் பெரும்பாலும் பட்டினி. நான்கில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்யும். 24 மெகாபிக்சலுக்குக் காசு கொடுத்துவிட்டு ஆறோடு படம் எடுப்பானேன்? நானும் ஒரு காலத்தில் சிவப்பு ஒன்று வாங்கி, மகாபலிபுரத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கக் குங்குமத்தில் தோய்த்த கடற்கரைக் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த ஃபில்டர் இப்போது மேசை டிராயரில், பழைய சாவிகளோடு கிடக்கிறது.

வானம் கறுக்க வேண்டுமா? மென்பொருளில் நீலத்தைக் குறையுங்கள், அதே வேலை நடக்கும். ஃபியூஜிஃபிலிம் 2016-இல் எக்ஸ்-ப்ரோ2 கேமராவோடு கொண்டுவந்த ஆக்ரோஸ் மோடில் மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர்களின் விளைவு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஃபில்டர் ஒன்றுதான்: போலரைசர். தண்ணீர், கண்ணாடி, இலை இவற்றின் மேல் அடிக்கும் பளபளப்பை அது எடுக்கும் நேரத்திலேயே குறைக்கும். அந்த வேலையைப் பிறகு கணினியில் செய்ய முடியாது. வாங்குமுன் லென்ஸ் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா மகன் காதுகுத்தைக் கேமராவின் மோனோக்ரோம் மோடில் எடுத்தேன். இப்போது அத்தை, "என்னடி, எல்லாம் துக்க வீட்டுப் படம் மாதிரி இருக்கு, கலரில் கொடு" என்கிறார். முடியுமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: மெமரி கார்டைப் பாருங்கள். ஜேபெக் (கேமரா சுருக்கிச் சேமிக்கும் சாதாரணப் படக் கோப்பு) மட்டும் இருந்தால் முடிந்தது கதை. நிறத்தைக் கேமரா அப்போதே தூக்கிப் போட்டுவிட்டது. 'கலர் ஏற்றித் தருகிறோம்' என்கிற ஏஐ செயலிகள் ஊகித்து ஏற்றும்; அத்தையின் மயில்கழுத்துப் புடவை காவியாக வந்தால் வீட்டில் இன்னொரு சண்டை. பக்கத்தில் ரா கோப்பும் இருந்தால் தப்பித்தீர்கள். மோனோக்ரோம் மோடு திரையில் தெரிவதையும் ஜேபெக்கையும்தான் மாற்றும். ரா கோப்பில் நிறம் அப்படியே இருக்கும்.

இனிமேல் ரா, ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், வெளிச்சம் நிழலைப் பார்க்க அது பெரிய உதவி. வெறும் கறுப்பு வெள்ளை ஜேபெக்கில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகள்தான். கொஞ்சம் இழுத்தாலும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 14 பிட் ரா என்றால் 16,384 படிகள். மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம்.

கேள்வி: அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்குக் கறுப்பு வெள்ளையில் 20 பெரிய பிரிண்ட் போட்டேன். எல்லாம் லேசாகப் பாசி பிடித்த பச்சையில் வந்திருக்கிறது. "கறுப்பு வெள்ளை என்றால் அப்படித்தான்" என்கிறார் லேப்காரர். பில்லில் 'போட்ட பிரிண்ட் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருக்கிறது. (கும்பகோணம்)

பதில்: அப்படித்தான் என்று விட வேண்டியதில்லை. வழக்கமான லேப்களில் ஓடுவது கலர் தாள். அதில் கறுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. மூன்று சாயங்கள் சரிசமமாகச் சேர்ந்தால் சாம்பல்; இயந்திரத்தின் அளவுகளோ ரசாயனமோ துளி பிசகினாலும் பச்சையோ ரோஸோ தட்டும். கலர் படத்தில் கண்ணுக்குப் படாத பிசகு இதில் காட்டிக்கொடுத்துவிடும். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' தாளில் பிரிண்ட் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அதில் படமாக நின்றது சாயமல்ல, வெள்ளி.

முதலில் உங்கள் கோப்பைச் சோதியுங்கள். கிம்ப் மென்பொருளில் திறந்து நான்கைந்து இடங்களில் சிவப்பு, பச்சை, நீலத்தின் எண்களைப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் கோப்பில் தப்பில்லை. பிரிண்டையும் டியூப்லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கேயும் பச்சை என்றால் லேப்தான் பொறுப்பு. இரண்டையும் கொண்டுபோய்க் காட்டி, ஒன்றே ஒன்றை மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதிக் கடைகளில் இதிலேயே விஷயம் முடியும்.

முடியாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்கிற ஒரு வரியால் குறையுள்ள வேலை சரியான வேலையாகிவிடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லையும் பிரிண்ட்களையும் பத்திரப்படுத்துங்கள், கோபத்தில் கிழித்துவிடாதீர்கள்.

அடுத்த முறை 20-ஐயும் ஒரே மூச்சில் கொடுக்காமல் சின்னதாக ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கறுப்போடு தனிச் சாம்பல் மைகளும் உள்ள இங்க்ஜெட்டில் போடும் இடமாகத் தேடுங்கள். விலை கூடத்தான். கேமராவில் மிச்சம் பிடிக்கும் பணத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: என் புது போனில் பின்னால் மூன்று கேமரா. அதில் ஒன்று '2 மெகாபிக்சல் மோனோ லென்ஸ்' என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு அது உதவுமா? (சேலம்)

பதில்: 2016-இல் ஹுவாவே பி9 போனில் 12 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளை சென்சார் ஒன்று தனியாகவே இருந்தது, அதில் அர்த்தம் உண்டு. மலிவு போன்களில் வரும் 2 மெகாபிக்சல் பெரும்பாலும் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான். சந்தேகமாக இருந்தால் போனை ஜன்னல் விளிம்பில் அசையாமல் வைத்து மோனோ மோடில் ஒரு படம் எடுங்கள். பிறகு அந்தக் குட்டி லென்ஸை மட்டும் விரலால் மூடிக்கொண்டு அதே இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் எழுதுங்கள்.